ஒரு கிலோ மைதா

திண்டிவனம் பேருந்து நிலையச் சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு மல்லிகை வாசத்தில் திரும்பும் பால்யம், எனக்கு மைதாப் பசை நாற்றத்தில்தான் திரும்புகிறது.

1993. முகையூர் பக்கம் எங்கள் ஊர். கிறிஸ்துமஸுக்குத் தேங்காய் வைத்துச் சோமாசி சுட, அம்மா கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு கிலோ மைதா வாங்கி வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒருநாள்தான் எங்கள் வீட்டில் சோமாசி. எனக்கோ தெருவிலேயே பெரிய காகித நட்சத்திரம் கட்டிவிடும் கலைத்தாகம். அம்மா வேலைக்குப் போயிருந்தபோது மைதா முழுவதையும் பசையாகக் காய்ச்சினேன். கைப்பிடி மாவு போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் வேறு கலந்திருந்தேன்.

அம்மா வந்து காலி டப்பாவைப் பார்த்தாள். "ஏன்டா, ஸ்டார பாத்துக்கினே இருந்தா வயிறு ரொம்பிடுமா?"

ஆறு வயதுத் தங்கை செல்வி பசைச் சட்டியைக் காட்டினாள். "அதுல சக்கர போட்டுத் தாம்மா."

"துத்தம் போட்டுக்கீதுடி. வாய வெச்சே, அவ்ளோதான்" என்றேன், பெரிய நிபுணன்போல.

கிறிஸ்துமஸ் அன்று தெருவே என் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தது. எதிர்வீட்டு ரோஸி அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஷோக்கா கட்டிக்கீறடா, இந்தா" என்று ஒரு சோமாசி கொடுத்தார். பாதியைச் செல்விக்கு வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே முழுவதையும் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

செல்வி என் சட்டையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைக் கவனமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.