ஒரு சொட்டுகூட இல்லை

பட்டறையில் எல்லோருக்கும் அவர் சொட்டு அண்ணன். உதட்டில் பூசும் லிப் பாம் தயாரிக்கிற சின்ன இடம் அது. மெழுகையும் எண்ணெயையும் யார் வேண்டுமானாலும் உருக்கலாம். கடைசியில் சேர்க்கிற புதினாத் தைலமும் ஆரஞ்சுத் தோல் தைலமும் அவர் கையிலிருந்துதான் விழ வேண்டும். கூடினால் உதடு எரியும், குறைந்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். அதில் அண்ணன் புலிதான். ஆனால் சொட்டு என்ற அந்தப் பட்டம் வீட்டில் செல்லுபடியாகவில்லை.

"கடைசி எழுத்தைத் தப்பாச் சொல்றாங்க. சொட்டைன்னுல்ல கூப்பிடணும்?" என்று அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே கேட்பாள் மனைவி. கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சிரிப்பை வைத்தே அவர் வேலை முடிந்து வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது, உதடு பாளம் பாளமாக வெடித்தது. எந்த வாசனை பட்டாலும் குமட்டியது. சிரித்தால் வெடிப்பு பிளந்து ரத்தம் கசிந்தது. "சிரிக்க வைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் வேடிக்கை பேசவில்லை. புதினா மணம் ஊறிப்போன மனுஷன், வாசலோரம் நாற்காலியைப் போட்டு, தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊர் உதட்டுக்கெல்லாம் பூசக் கொடுத்தவருக்குத் தன் வீட்டு உதட்டைத் தொட வழியில்லை. அது அவரை அரித்துத் தின்றது.

"வாசனையே இல்லாததா ஏதாவது தடவுங்க. புதினா கிதினா கிட்டயே வரக்கூடாது" என்றாள் மருத்துவமனை நர்ஸ்.

இவ்வளவுதானே என்று மறுநாளே பட்டறையில் ஒரு டப்பா செய்தார். தைலப் புட்டிகள் பக்கமே போகவில்லை. முகர்ந்து பார்த்தார், சுத்தமாக வாசனையில்லை. வீட்டுக்கு ஓடிவந்து மூடியைத் திறந்ததுதான் தாமதம், அவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

"புதினா!" என்றாள், திரும்பி வந்து.

"சத்தியமா ஒரு சொட்டுகூட விடலம்மா!"

"நீங்க விடல. உங்க சட்டி விட்டிருக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வருஷக்கணக்காகப் புதினாவிலேயே கிடந்த மூக்குக்குப் புதினா மட்டும் தெரியாமல் போயிருந்தது. தொழிலில் சோறு போட்ட மூக்கு வீட்டுக்கு ஆகவில்லையே என்று அழுகை வந்தது.

லீவு போட்டார். உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளித்தார். பட்டறைச் சட்டைகளைப் பொட்டலமாகக் கட்டி மாடிப்படிக்கடியில் தள்ளினார். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி வாங்கி, வாசனை நீக்கிய பாதாம் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஆறவைத்தார். இந்த முறை தன் மூக்கை நம்பவில்லை. அடுக்குமாடி வாசலில் கீழே காவலுக்கு இருந்தவரிடம் நீட்டினார்.

"தேன் வாசம் தூக்குதே, சார்!" என்றார் காவல்காரர், ஆசையாக.

வேறு நாளாக இருந்தால் அந்தப் பாராட்டில் குளிர்ந்திருப்பார். வாடிய முகத்தோடு மாடியேறி, மணம் போக வடிகட்டிய வெள்ளை மெழுகு வாங்கிவந்து மறுபடி உருக்கினார். இம்முறை காவல்காரர் இழுத்து இழுத்து முகர்ந்தார்.

"என்ன சார் இது, ஒண்ணுமே இல்ல? எனக்கு ஜலதோஷமா?"

அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆள் மிரண்டுவிட்டார்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். டப்பாவை எட்டத்தில் வைத்துத் திறந்தார். அவள் மூச்சை இழுத்தாள். காத்திருந்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"கிட்ட வாங்க" என்றாள்.

வந்து உட்கார்ந்தார். விரல் நுனியில் எடுத்து வெடிப்பின் மேல் ஒற்றினார். அன்று முழுக்கவும், அடுத்தடுத்த நாட்களிலும் விட்டு விட்டு ஒற்றிக்கொண்டே இருந்தார். உதடு மெல்ல இளகியது, வெடிப்புகள் மூடின.

ஒரு மத்தியானம் அவர் பூசிக்கொண்டிருக்கும்போது, "இதுல நிஜமாவே ஒரு சொட்டுகூட இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சொட்டே கிடையாது."

அவள் தன் மொட்டைத் தலையைத் தடவினாள். பிறகு கையை நீட்டி அவர் தலையைத் தடவினாள்.

"சொட்டு இல்லாட்டி என்ன? சொட்டை ரெண்டு இருக்கே!"

அவர் பதறிப்போய் அவள் உதட்டைத்தான் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. ரத்தம் வரவில்லை.