சிகரெட் அறை ரஞ்சிதம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம், பாட்டுக் கச்சேரி நடக்கும் ஒரு கிளப்பில் துப்புரவு வேலை பார்த்தவள் ரஞ்சிதம். புகைப்பவர்களுக்கென்று அங்கே கண்ணாடிக் கதவு போட்ட அறை ஒன்று உண்டு. சாம்பல் தட்டைக் கொட்டப் போகச் சொன்னால் மற்றவர்கள் நைசாக நழுவிவிடுவார்கள். இவள் மறுத்துப் பேசினால்தானே! வருஷக்கணக்கில் அந்தப் புகைக்குள்ளேயே நின்று துடைத்தாள். ‘சிகரெட் அறை ரஞ்சிதம்’ என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். அதற்கும் சிரித்துத் தொலைத்தாள்.

வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைக்காதவளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு இரைக்கிறது. அடுத்தவர் விட்ட புகைதான் காரணம் என்றார் டாக்டர். முதலாளி கைகழுவிவிட்டார். “வீட்டுல யாராச்சும் சிகரெட் குடிச்சிருப்பாங்க” என்று சொல்லியனுப்பினார். வீட்டில் ஒருவர் குடித்தார்தான். அவள் புருஷன் கோவிந்தராசு.

கிளப் மேல் வழக்குப் போட்டாகிவிட்டது. தோற்றுவிட்டால் அவள் மூச்சுக்கு யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடும். அந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

வக்கீலைப் பார்க்க, ஈசூன் அடுக்குமாடி வீட்டிலிருந்து புருஷனோடு கிளம்பி ரயில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள். “கேட்டா, கீழ போய்த்தான் குடிச்சேன்னு சொல்லுங்க. உளறிடாதீங்க.”

“சரி, சரி. எத்தனை தடவை சொல்லுவே.”

அவருக்குப் பொய் வராது. வாய் சொன்னாலும் முழி காட்டிக் கொடுத்துவிடும். வழி நெடுக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வக்கீல் இளமதி சின்னப் பெண். மரியாதையாக உட்காரவைத்துத்தான் கேட்டாள். “அங்கிள், நீங்க ஸ்மோக் பண்ணுவீங்களா?”

“முன்னாடி. இப்ப விட்டாச்சு. வீட்டுக்குள்ள கிடையாது, கீழ போய்த்தான்.”

“புளோக்குக்குக் கீழயா? அங்க பிடிச்சா ஃபைன் போடுவாங்களே.”

“ஒரு தடவை போட்டாங்க.”

“அதுக்கப்புறம் எங்க பிடிச்சீங்க?”

கோவிந்தராசு திரும்பி மனைவியைப் பார்த்தார். பாவம், அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதோடு முடிந்துவிட்டது. ரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை.

“அடுப்படியில குடிச்சாரும்மா,” என்று மூச்சிரைக்க விட்டுவிட்டுச் சொன்னாள். “நான்தான் உள்ள வரச் சொன்னேன். இன்னொரு ஃபைன் வந்தா தாங்காது, ஜன்னல்கிட்ட நின்னு குடிங்கன்னு. நான் பக்கத்துல சமைச்சுக்கிட்டு இருப்பேன்.”

இளமதி பேனாவைக் கீழே வைத்தாள். “கேஸ் போச்சுன்னு சொல்லல ஆன்ட்டி. ஆனா கிளப் தரப்புல இதை விடமாட்டாங்க. எவ்வளவு புகை அங்க, எவ்வளவு வீட்டுலன்னு உங்களைத்தான் கேப்பாங்க.”

கோவிந்தராசு மனைவியின் கையைப் பிடிக்க வந்தார். அவள் இழுத்துக்கொண்டாள். மூச்சை ஒருவழியாகத் திரட்டிக்கொண்டு கேட்டாள்.

“அப்ப என் மேலயும் ஒரு கேஸ் போடணுமாம்மா?”