வெள்ளிமலைச் சாலையில் மூன்றாம் எண் கல்லைத் தேடி

கல்வராயன் மலைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போன வருஷம் ஐப்பசியில், சுமதியோடு. இரண்டாம் முறை சென்ற மாதம், தனியாக. அருவி, படகு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஒரு கல்லைத் தேடிப் போன பயணம்.

சுமதி எங்கள் கல்லூரியில் நிலவியல் ஆராய்ச்சி செய்தவள். நான் அங்கே ஆய்வகத்தில் கல் அறுப்பவன். மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு கனத்துக்குக் கல்லைத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பேன். நுண்ணோக்கியில் அவள் பார்ப்பாள். நிலத்தின் மேலடுக்கில் பாறை பெரும்பாலும் வளையாது, உடையும். வெறும் கண்ணுக்கு முழுசாகத் தெரியும் கல்லுக்குள் கனிம மணிகள் விரிசல் விட்டு, பாதி இப்படியும் பாதி அப்படியும் நகர்ந்திருக்கும். எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதுதான் அவள் கேள்வி. அது தெரிய வேண்டுமானால், கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே அதன்மேல் வடக்கு எது, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டாக வேண்டும்.

முதல் முறை போனபோது எடுத்த மூன்றாம் கல்லுக்கு நான் குறி போடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அவசரத்தில் சுத்தியலால் தட்டினேன், கல் கையோடு வந்துவிட்டது. அவள் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். காரில் உட்கார்ந்து குத்துமதிப்பாக ஓர் அம்பைப் போட்டுப் பையில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. மடப்பயல் வேலை. கடைசியில் அந்தக் கல்லில்தான் அவள் தேடியது கிடைத்தது. மேற்குப் பக்கப் பாறை மேலே ஏறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதினாள். எழுதிய ஒரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பத்தோரு வயது. கட்டுரை இப்போது அவள் பெயரில் அச்சுக்குப் போகிறது. என் அம்பு தப்பென்றால் அந்த வரியும் தப்பு; அதே பாறையில் குறி போட்டு இன்னொரு கல் எடுத்துப் பார்க்கத்தான் போனேன்.

சேலத்தில் காலை 5.40க்கு பஸ், கள்ளக்குறிச்சியில் 8.15. இட்லி, வடை, காபி 65 ரூபாய். வாடகைக் கார் நாள் முழுக்க 2,400. ஓட்டுநர் பெயர் ஏழுமலை. கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, அன்று குறித்து வைத்திருந்தபடி 34வது கிலோமீட்டரில் நிறுத்தச் சொன்னேன். பாறை இல்லை. சிமெண்ட் தடுப்புச் சுவர்தான் இருந்தது.

"இன்னா சார் தேடறீங்க?" என்றார் ஏழுமலை. சொன்னேன்.

"ரோட்ட அகலம் பண்ணச்சொல்ல வெடி வச்சி எடுத்துட்டாங்க சார். ஜல்லியாக்கி இங்கயே கொட்டிட்டாங்க. அது மேலதான் நின்னுக்கினு இருக்கீங்க."

நான் குனிந்து காலடியைப் பார்க்க, அவர் ஓரத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்து வந்தார். "இது ஆவுமா பாருங்க. அதே கல்லுதான்."

அதே கல்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதே கரும்பச்சை, அதே மயிரிழை விரிசல்கள். அது மலையில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். ஏழுமலை தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

போகிறவர்கள் பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் கிடையாது. கல் எடுக்கப் போகிறவர்கள், கொட்டுகிற மழையானாலும் முதலில் குறி போடுங்கள். இன்னொரு தடவை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மாலை 3.30க்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளுடைய பேராசிரியருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வரிய எடுத்துட்டா, அவ புதுசா சொன்னது ஒண்ணுமே மிச்சம் இல்லப்பா," என்றார்.

"தெரியும் சார்," என்றேன். "எடுத்துடுங்க."