கல்கத்தா ஆபீசுக்குப் போன மோர்க் கூஜா

சென்ற சித்திரையில் நான் கல்கத்தாவுக்குக் கிளம்பியது காளியைத் தரிசிக்க அல்ல. அங்கே ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் என் வீட்டுக்காரர், ஆபீசில் மேஜை மேலேயே மயங்கி விழுந்துவிட்டார் என்று தகவல் வந்தது. "மதராஸ்காரர்களுக்கு இந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் வேலை கிடையாது" என்று துரை சொல்லிவிட்டாராம். வெயிலைப் பற்றி நமக்கா பாடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதராஸிலிருந்து ஹவுரா ஆயிரம் மைலுக்கு மேல். ரயிலில் இரண்டு இரவுகள். அண்ணா துணைக்கு வந்தார். வால்டேர் தாண்டினால் நம் சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். கட்டிக்கொண்டு போன புளியோதரைதான் காப்பாற்றியது. ஹவுராவில் இறங்கி, மிதவைப் பாலத்தைக் கடந்து, குதிரை வண்டியில் பவானிப்பூரில் இவர் இருந்த ஜாகைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். அப்பப்பா, என்ன புழுக்கம்!

இவர் பாதியாக இளைத்திருந்தார்.

"ஏன்னா, ஆபீஸ்ல மத்தியானம் என்ன சாப்பிடறேள்?"

"ஒண்ணுமில்லை. கார்த்தால சாப்பிட்டுட்டுப் போனா, அப்புறம் சாயங்காலம்தான்."

"தண்ணி?"

"அந்தப் பானையை யார் யாரோ தொடறா. மதராஸ்காரா நாங்க அஞ்சு பேருமே குடிக்கறதில்லை."

அடக் கஷ்டமே! ஆசாரம் பார்த்து நாள் முழுவதும் நாக்கு வறண்டு கிடப்பது, விழுந்தால் பழி வெயில் மேல்! வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் காலை பெரிய பித்தளைக் கூஜா நிறைய நீர்மோர் கரைத்தேன். இஞ்சி, உப்பு, கறிவேப்பிலை, ஐந்து பேருக்கும் போதுமான அளவு.

"துரை பார்த்தா சிரிப்பார்" என்று நெளிந்தார்.

"சிரிக்கட்டும். நீங்க தூக்கலேன்னா நானே டிராம் ஏறி ஆபீசுக்கு வரேன்."

அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

துரை சிரிக்கவில்லை. என்ன ஏது என்று விசாரித்தார். கேட்ட பிறகு, மத்தியானம் அரை மணி நேரம் ஓய்வும், உட்கார்ந்து சாப்பிடப் பின்பக்கத்து வராந்தாவும் கொடுத்தார். மற்ற நாலு பேரும் கட்டுச்சாதம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வைகாசி, ஆனி இரண்டும் அனலாய்க் கொதித்தன. ஒருவர்கூட விழவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் வெறுமனே "தோய்" என்று கேட்டால் சர்க்கரை போட்ட தயிரைத் தலையில் கட்டிவிடுவார்கள். "டொக் தோய்" என்று கேளுங்கள், புளித்த தயிர் கிடைக்கும். ஆபீசுக்குப் போகிறவர்கள் வெட்கப்படாமல் கூஜாவைத் தூக்குங்கள்.

போன வாரம் துரை இவரைக் கூப்பிட்டு, மதராஸிலிருந்து இன்னும் இரண்டு குமாஸ்தாக்கள் வேண்டும், ஆள் பார் என்றாராம். இவர் தலையாட்டிவிட்டு வாசல்வரை வந்ததும், மறுபடியும் கூப்பிட்டாராம்.

"கல்யாணமானவர்களாகப் பார். பெண்டாட்டியோடு வரச் சொல்."