அம்சாவின் அவரை வேர்

முசரவாக்கத்தில் மாணிக்கவேலின் வயலில் பதினெட்டு வருஷம் களையெடுத்த அம்சா, நாற்பத்திரண்டு வயதில் அந்த வயலுக்கு அடுத்தாற்போலவே முப்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். புருஷன் ராஜவேலு காஞ்சிபுரத்தில் பெயின்ட் அடிக்கப் போகிறவன். "உனக்கு இன்னாத்துக்கு இந்தத் தலைவலி?" என்று ஒரு தடவை கேட்டான். அதற்கு மேல் கேட்கவில்லை.

செடி அவரை போட்டாள். பூ வைக்கிற நேரத்தில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. பிடித்து இழுத்தால் செடி கையோடு வந்தது. வேர் கறுத்து, தோல் நார்நாராக உரிந்தது. வேரழுகல். மண்ணிலிருக்கும் பூஞ்சையின் வேலை. மாணிக்கவேல் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் பூஞ்சையைக் கொல்கிற மருந்து ஊற்றச் சொன்னார். ஊற்றினாள். அப்படியும் பாதிச் செடி போயிற்று.

அடுத்த பட்டத்துக்கு வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு பொடிப் பாக்கெட் கொடுத்தார்கள். டிரைக்கோடெர்மா. கெட்ட பூஞ்சையைத் தின்று வேரைக் காக்கிற நல்ல பூஞ்சை என்றார்கள்.

"பூஞ்சையால வந்த நோவுக்குப் பூஞ்சையையே போடுறியா? நல்லா இருக்குது கதை" என்று மாணிக்கவேல் சிரித்தார். அவர் சிரித்தபடியே ஆயிற்று. பொடி கலந்து ஊன்றிய அவரையும் பட்டுப்போனது.

ஊரில் பேசினார்கள். அம்சாவுக்கு அவமானமாக இருந்தது; அதைவிடக் கோபம். வாடிய செடியை வேரோடு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், மையத்து அலுவலர் தீபிகாவின் மேஜைமேல் வைத்தாள்.

"பாக்கெட்டை எங்க வெச்சிருந்தீங்கமா?"

"தகரக் கொட்டாயில. மூணு மாசமா அங்கதான் இருந்துது, யூரியா மூட்டை மேல."

"வெயில் காலத்துலயா? அது உரம் இல்லமா, உசுரு. சூட்டுல செத்திருக்கும். விதைக்கு வேற ஏதாச்சும் கலந்தீங்களா?"

"பழைய மருந்தையும் கொஞ்சம் சேத்துக்கினேன். ரெண்டும் இருந்தா நல்லதுதானேன்னு."

தீபிகா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "பொழைச்சிருந்ததையும் அது கொன்னிருக்கும்."

மூன்றாம் தடவை, தீபிகா சொல்லிக்கொடுத்தபடி, புதுப் பாக்கெட் வாங்கிய அன்றே அதை மக்கிய சாணியில் கலந்து, வேப்பமர நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடினாள். மூன்று நாளுக்கொரு தரம் கிளறித் தண்ணீர் தெளித்தாள். பதினைந்தாம் நாள் சாக்கைத் தூக்கினால் குவியல் முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது; லேசாகத் தேங்காய் வாசனை அடித்தது. அதை வயலில் தூவினாள். ஆறின கஞ்சியில் புதிதாக வாங்கிவந்த பொடியைக் குழைத்து விதையைப் புரட்டி ஊன்றினாள். மருந்துப் பக்கமே போகவில்லை.

அந்த வருஷம் காய்த்தது. வாரம் இரண்டு தடவை காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கூடை போயிற்று.

அதே வருஷம் மாணிக்கவேலின் காராமணி வேர் கறுத்து விழுந்தது. ஒரு நாள் காலையில் அவரே அம்சாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை, ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார்.

"எனக்கும் பத்து மூட்டை கலக்கிக் குடு அம்சா. கூலி வாங்கிக்க."

"கூலிக்கு வரலீங்க ஐயா. எப்படிக் கலக்கணும்னு சொல்றேன், நீங்களே கிளறிக்குங்க."

அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, "எத்தினி நாளைக்கு ஒரு தபா கிளறணும்?" என்று கேட்டார்.

"மூணு நாளைக்கு. நெழல்ல வையுங்க."

மூடுகிற சாக்கு காயக் கூடாதென்றும் சொன்னாள்.

மறு பட்டத்தில் அவர் காராமணி முக்கால்வாசி தேறியது. அம்சா இப்போது அறுபது சென்டில் பயிர் வைக்கிறாள். மடையோரம் தண்ணீர் தேங்குகிற இடத்தில் மட்டும் எந்தப் பூஞ்சையும் பலிக்கவில்லை. அங்கே ஈரம் தாங்குகிற சேப்பங்கிழங்கு போட்டிருக்கிறாள்.