விட்டுப்போன மறை

விளாங்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பீடி எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டபோது விரலில் உலோகம் பட்டது. எடுத்துப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கேபிள் முனையைக் கம்பத்து உச்சியிலுள்ள ஏரியலோடு சேர்த்து முடுக்கும், உள்ளே புரி வெட்டிய வளையமான மறை அது.

எண்பதுகளின் தொடக்கம். விளாங்குடியில் ஓர் அலுவலகத்தின் மாடியில் வயர்லெஸ் நிலையம் அமைத்துக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, அவனியாபுரம் பட்டறைகள் எதிலும் நிலைக்காமல் வந்தவன் நான். கேபிள் முனைகளைச் சீவுவது என் வேலை. கறுப்பு மேல்தோலைக் கீறி எடுத்து, உள்ளே பின்னியிருக்கும் செம்பு இழைகளில் ஒன்றுகூட நடுக்கம்பியில் படாமல் பின்னுக்கு மடக்க வேண்டும். பட்டால் வயர்லெஸ் செட் புகைந்துவிடும். பிறகு மறையைக் கேபிளில் கோத்துவிட்டுத்தான் கனெக்டரை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்துவிட்டால் மறை ஏறாது. மறுமுனையையும் முந்தின நாளே பற்றவைத்துவிட்டதால் அந்தப் பக்கமிருந்தும் கோக்க வழியில்லை.

அன்று மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லாமல் பற்றவைக்க முடியவில்லை. வந்ததும், மறுபடி போவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில் எங்களுக்குத் தலையாளான ஃபிட்டர் அண்ணன் மறையை என்னிடம் நீட்டி "வச்சிரு" என்றார். அதைத் திரும்ப வாங்கிக் கோக்காமலே பற்றவைத்தார். தூறல் விழவே முனையை பிளாஸ்டிக் தாளில் சுற்றி டேப் ஒட்டினார். இருவருக்கும் மறந்துபோனது.

மறுநாள் காலையில் அந்த முனையோடு மாடியிலுள்ள கம்பத்தில் ஏறுவார். சொல்லாவிட்டால் உச்சியில் போய்த் தெரிந்துகொள்வார். சொன்னால் என்ன ஆகும்? போன வாரம் அவர் தவறை எடுத்துச் சொன்ன ஒருவனை அன்றைக்கே மூட்டை கட்ட வைத்தவர் அவர். வேலை போனால், மதுரையில் எங்களுக்குக் கொடுத்திருந்த அறையில் படுக்கிற இடமும் போகும். திரும்பி நடந்தேன்.

அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் அண்ணன் தன் மச்சினனோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா மாப்ள, போறேன்னு போனவன் பேயடிச்ச மாதிரி வந்து நிக்கிற?"

"கொஞ்சம் தள்ளி வாங்கண்ணே."

"ஏன், எனக்குப் பொண்ணு பாத்துருக்கியா? மச்சினன் முன்னாடியே சொல்லு."

கடையே சிரித்தது. அவருக்கு மட்டும் தெரியும்படி உள்ளங்கையை விரித்தேன்.

"எந்த முனைக்குள்ளது?"

"மேல போறதுக்குண்ணே."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். தாளைப் பிரித்துப் பார்த்தார். முனையை வெட்டி எறிந்துவிட்டுக் கத்தியை என் பக்கம் தள்ளினார். சீவினேன். இழைகளைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். மறையைக் கோத்துவிட்டுப் புதுக் கனெக்டரைப் பற்றவைத்தார்.

"நாளைக்கு வெள்ளன வந்துரு."

அதற்கு என்ன அர்த்தம் என்று புரியவில்லை. கணக்கு முடித்து அனுப்புவதற்கும் அவர் காலையில்தான் வரச் சொல்வார். சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் விடியலில் நான் போனபோது அவர் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். பெல்ட்டிலிருந்து உச்சிக் கப்பி வழியாக இறங்கும் கயிற்றை, அவர் கால் வழுக்கினால் தாங்குவதற்காகக் கீழே நின்று பிடிப்பது எப்போதும் மச்சினன்தான். அக்கா தாலிக்குப் பயந்து விடமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு.

"நீ போய் செட்டுகிட்ட நில்லு" என்று மச்சினனை அனுப்பிவிட்டு, கயிற்றை என்னிடம் போட்டார்.

"எனக்குப் பழக்கமில்லையேண்ணே."

"எனக்குந்தான் ஒன்னைய நம்பி ஏறிப் பழக்கமில்ல. கண்ணை எடுக்காத."

ஏறத் தொடங்கினார். நான் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அண்ணாந்து நின்றேன்.