எக்ஸ்ரே அக்கா வைத்த கூடை

ஆலையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நூலெடுக்கும் கூடத்துக்கு முந்திய சின்ன அறையில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை ஒன்று. அதன்மேல் பட்டுக்கூடுகளைக் கொட்டி, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரிப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஒருநாள் கால் வலிக்கிறதென்று கொதிகலன்காரர் உட்கார்ந்துவிட்டு, அவள் போட்ட சத்தத்தில் பாதி டீயோடு எழுந்து ஓடினார்.

கூட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் பெருமை உங்களுக்குப் புரியாது. பட்டைத் தடவித் தடவிப் பார்க்கிறார்களே, அவர்களிடம் இது ஒரு புழுவின் வாயிலிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள், கையை இழுத்துக்கொள்வார்கள். நாலு வாரம் மல்பெரி இலையை மூக்குமுட்டத் தின்ற புழு, ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி ஆட்டத் தொடங்கும். மூன்று நாள் ஓயாமல் ஆட்டி, வாயிலிருந்து வரும் ஒரே இழையால் தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொள்ளும். எறும்பும் பறவையும் அண்டாமல் உள்ளே கிடந்து, பூச்சியாக மாறி வெளியே வருவதற்கு அது செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆனால் பூச்சி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழும். கிலோமீட்டர் நீள இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் மனுஷன் முந்திக்கொள்கிறான். அது வருவதற்குள் கூட்டைச் சூட்டில் வைத்து எடுத்துவிடுகிறான். பாவம்தான். பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டே வாங்கி உடுத்திக்கொள்கிறோம்.

புழுக்களை நெருக்கமாக விட்டுவிட்டால், சில சமயம் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டிவிடும். அதுதான் இரட்டை. இரண்டு இழையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வெந்நீரில் போட்டு நுனியை இழுத்தால் முரண்டு பிடிக்கும்; நூலில் கட்டிகட்டியாக முண்டு விழும்; பட்டென்று அறும். பெரிய இரட்டையை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம், குண்டாக, முனை மழுங்கி இருக்கும். சின்ன இரட்டை இருக்கிறதே, அது பச்சைப் பொய். ஒற்றை மாதிரியே படுத்திருக்கும். அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் உள்ளே ஒரு நிழலா இரண்டு நிழலா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் காதோரம் ஆட்டிக் கேட்க வேண்டும். எக்ஸ்ரேக்குச் சந்தேகமே வராது. போகிற போக்கில் பார்ப்பாள், எடுத்து எறிவாள், அடுத்ததற்குப் போய்விடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஓர் ஓரகத்தி வாய்த்தாள். கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், இரண்டு அடுப்பு, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அவளை ஆலையில் சேர்த்துவிட்டதே எக்ஸ்ரேதான். "வீட்ல சும்மா உக்காந்து என்னடி பண்ணப்போற? தொட்டியில ஒரு இடம் காலியா இருக்கு, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வலியப் போய் வம்பை விலைக்கு வாங்கிய அந்தக் காலை நேரத்தை நினைத்து எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறே மாதம். சின்னவள் கூடத்திலேயே முதல் ஆளாகிவிட்டாள். தொட்டி வேலை லேசுப்பட்டதல்ல. வெந்நீரில் மிதக்கும் எட்டுக் கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரு நூலாக ஓட்ட வேண்டும். ஒரு கூடு தீர்ந்துபோனால், நூல் மெலிவதற்குள் அடுத்த கூட்டின் நுனியை ஒட்டிவிட வேண்டும். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வதை அவள் பக்கத்துத் தொட்டிக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டே செய்வாள். முதலாளிக்கு உச்சி குளிர்ந்து, அவள் எடுத்த நூல்கண்டு ஒன்றை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, "அடேயப்பா, யாரு எடுத்தது?" என்று கேட்டார்கள். "யாரு கூட்டைப் பிரிச்சுக் கொடுத்தது?" என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. எக்ஸ்ரேக்கு வயிறு எரிந்தது. வாசல் வழியாக வந்தால் அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டியிருக்கிறதென்று, விறகு இறக்கும் பின்வழியாக வேலைக்கு வர ஆரம்பித்தாள்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? "சின்னவ கைல என்னமோ இருக்குதான்" என்று அவள் புருஷன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். "உனக்கும் அவ மாதிரி பொறுமை இருந்தா…" என்று இழுத்தார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவர் டீயில் சர்க்கரை விழவில்லை. ஏனென்று கேட்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் கண்டுபிடித்த ஒரு சின்னப் பழிவாங்கல் உண்டு. துணி தைக்க உட்கார்ந்தால் சுவரைத் தட்டுவாள். "ஏய், கண்ணு மங்குதுடி. இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுத்துட்டுப் போ." கண்ணாவது மங்குவதாவது! எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையில் எத்தனை பொத்தான் என்று இங்கிருந்தே சொல்வாள். முதலாளி மெச்சும் விரல்கள் தன் ஊசிக்கு நூல் கோக்கின்றன என்ற அல்ப சந்தோஷம், அவ்வளவுதான். சின்னவள் கோத்துக் கொடுத்துவிட்டு, "உடம்பைப் பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த வார்த்தை ஒருபோதும் எக்ஸ்ரேயின் காதில் நல்லபடியாக விழுந்ததில்லை.

இப்படி இருக்கையில் பெரிய வியாபாரி ஒருவர் நூல் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முதலாளி மேஜை அறைக்கே வந்து சொன்னார். "மாதிரி நூலைச் சின்னவ எடுக்கட்டும். வர்றவருக்குப் பிடிச்சுதுன்னா அவளையே மேஸ்திரியா போட்டுடலாம்னு இருக்கேன். கூடம், மேஜை எல்லாத்தையும் அவளே பாத்துக்குவா. நீ நல்ல கூடா ஒரு கூடை பிரிச்சு வைம்மா."

எல்லாத்தையும். மேஜையையும்! நாளைக்கு அவள் இந்த வாசலில் நின்று, "அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் பிரிச்சுடுங்க" என்று சொல்வாள். தானும் சரி என்று தலையாட்ட வேண்டும். எக்ஸ்ரே கண்ணாடி மேஜையைத் துணியால் ஒரு தரம் துடைத்தாள். "ஆகட்டும் முதலாளி" என்றாள்.

கூடையைப் பிரித்தாள். பார்த்துப் பார்த்து, பால் மாதிரி வெள்ளையான கூடுகளாக எடுத்தாள். பிறகு கழிவுப் பெட்டியை இழுத்து, அதிலிருந்து சின்ன இரட்டைகளாக முப்பதைப் பொறுக்கிக் கூடையில் கலந்தாள். வேறு எந்தக் கண்ணுக்கும் தெரியாத முப்பது. மேலே நாலு பிடி நல்ல கூட்டைத் தூவிவிட்டு, போய்க் கை கழுவிக்கொண்டாள்.

வியாபாரி வந்தார். கூடவே ஒரு கருப்புப் பலகையும் வந்தது. நூலை அதன்மேல் வரிவரியாகச் சுற்றினால், சின்ன முண்டு இருந்தாலும் வெள்ளையாக எடுத்துக்காட்டிவிடும். சின்னவள் தொட்டிமுன் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நூல் நன்றாக ஓடியது. பிறகு ஒரு கூடு தண்ணீரைவிட்டு எகிறி மேலே போய் மாட்டியது. நூல் அறுந்தது. ஒட்டினாள். மறுபடி அறுந்தது. அவள் மேலுதட்டில் வியர்வை பூத்ததை, கதவோரம் நின்ற எக்ஸ்ரே பார்த்தாள். மனசுக்குள் என்னவோ ஜில்லென்று இருந்தது, பொய் சொல்வானேன். பலகையில் நாலு வரிக்கு ஒரு முண்டு. வியாபாரி, "இன்னொரு தடவை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீக்குக்கூட நிற்காமல் காரில் ஏறினார்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன ஆச்சு உனக்கு?" என்று சின்னவளைப் பிடித்தார்.

"தண்ணி சூடு கூடிப்போச்சு முதலாளி. என் தப்புதான்."

"என் சூட்டைச் சொல்லாதேம்மா, நான் பாத்துப் பாத்து வச்சது" என்று கொதிகலன்காரர் குதித்தார்.

முதலாளி கரண்டியால் முரண்டு பிடித்த கூடுகளை அள்ளிப் பிளேடால் கிழித்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு கூட்டுப்புழு. "இரட்டை! எல்லாம் இரட்டை! எங்க அவ?" என்று திரும்பினார். எக்ஸ்ரேயின் முகத்தில் ஈயாடவில்லை. இந்த இடத்தை அவள் யோசித்தே வைக்கவில்லை.

சின்னவள் நடுவில் வந்து நின்றாள். "அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க முதலாளி. அவங்களுக்குக் கண்ணு தெரியல. மாசக்கணக்கா நான்தான் ஊசிக்கு நூல் கோத்துக் குடுக்கிறேன். சொன்னா வேலை போயிடுமோன்னு பயந்துட்டு மறைச்சிட்டேன். தப்பு என்மேல."

எக்ஸ்ரேயைத் தூக்கிவாரிப்போட்டது. கண் தெரியாதாம்! யாருக்கு? வாயைத் திறந்து, "என் கண்ணுக்கு என்னடி கேடு?" என்று கேட்க வந்தாள். கேட்டால் அடுத்த கேள்வி என்ன வருமென்று புரிந்து, வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளியின் கோபம் இறங்கிவிட்டது. அதுதான் இன்னும் கொடுமை. "முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?" என்று கனிவாகக் கேட்டார். "சரி, அந்தக் கூடையில மீந்தது அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் காலைல மேஜைல கொட்டுறேன், நீ பிரிச்சுக் காட்டு. முடியலன்னா பரவாயில்ல, பொட்டலம் கட்டுற இடத்துல உக்காந்துக்கலாம். மேஜையைச் சின்னவ பாத்துக்கட்டும்."

அன்று சாயங்காலம் சின்னவள் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "அக்கா, கவலைப்படாதீங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். உங்க கை ஒரு இரட்டைமேல போறப்ப நான் இருமுறேன். எடுத்துப் போட்டுடுங்க. எனக்கு அந்த மேஜை வேண்டாம்க்கா. அது உங்க எடம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றார் புருஷன் எக்ஸ்ரேயைப் பார்த்து. அவர் குரல் கம்மியிருந்தது. "கண் டாக்டர்கிட்ட போவோமா?"

அவள் பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். அவள் எத்தனையோ நாள் பொறாமையில் வெந்திருக்கிறாள். இந்தச் சூடு புதுசு. தான் யாரைப் பார்த்து வயிறெரிந்தாளோ அவளே தன்னைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன செய்வது? அவளுடைய நல்ல மனசுமேலும் இப்போது பொறாமையாக இருந்தது. அதையாவது இவள் எனக்கு விட்டுவைக்கக்கூடாதா என்று குழாயை இறுக்கி மூடினாள்.

காலையில் மேஜையைச் சுற்றிக் கூட்டம். முதலாளி கூடையைக் கவிழ்த்தார். விளக்கு எரிந்தது. எக்ஸ்ரே செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். இருமல் வந்தால் எடுப்பது, வராவிட்டால் விடுவது. நாலைந்து இரட்டைகள் தப்பிப் போனால் இன்னும் நல்லது. கொஞ்சம் மங்கல், ஒரு கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று முடிந்துவிடும். மேஜையும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். நடந்து வரும்போது வழியெல்லாம் அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சின்னவள் இருமினாள். எக்ஸ்ரே எடுத்துப் போட்டாள். இன்னொரு இருமல். போட்டாள். மூன்றாவது இருமல் வந்தபோது அவள் விரல் ஒரு பெரிய கூட்டின்மேல் இருந்தது. நல்ல கூடு. கொழுத்த புழு கட்டிய அருமையான ஒற்றை. எக்ஸ்ரேயின் விரல் நின்றது. சின்னவள் பலமாக மறுபடி இருமினாள்.

"அது ஒத்தைடி!" என்று கத்திவிட்டாள் எக்ஸ்ரே. "தெரியலன்னா சும்மா இரு. வெட்டிப் பாருங்க முதலாளி!"

வெட்டினார். ஒரே ஒரு கூட்டுப்புழு.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. இரண்டு கையாலும் பிரித்தாள். இருமலுக்குக் காத்திருக்கவில்லை, சின்னவளும் இருமுவதை மறந்துவிட்டாள். ஒற்றைபோலப் படுத்திருந்த சின்ன இரட்டைகளைப் பார்க்காததுபோலப் பார்த்து எறிந்தாள். பதினேழு. முதலாளி ஒவ்வொன்றாக வெட்ட, பதினேழிலும் இரண்டிரண்டு. கொதிகலன்காரர் கைதட்டினார். எக்ஸ்ரே தலை நிமிர்ந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லையேம்மா!" என்று முதலாளி சிரித்தார். இப்படி ஒரு கண்ணுக்கு ஆள் தேட வேண்டாம் என்ற நிம்மதி அவருக்கு. "அன்னைக்கு ஏதோ தூக்கக் கலக்கம்னு வச்சுக்குவோம். மேஜை உனக்குத்தான், போ." கூட்டம் கலைந்தது.

சின்னவள் மட்டும் போகவில்லை. வெட்டிப்போட்ட பதினேழையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தக் கூடையில இருந்தது இது" என்றாள் மெதுவாக. "தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

தூக்கக் கலக்கம் என்று சொல்லியிருக்கலாம். முதலாளியே எடுத்துக் கொடுத்த பதில். ஆனால் அதைச் சொன்னால் இவள் நம்பிவிடுவாள். மறுபடி, உடம்பைப் பாத்துக்குங்கக்கா என்பாள். எக்ஸ்ரேயால் அதை இன்னொரு தரம் தாங்க முடியாது.

"ஆமா" என்றாள். "தெரிஞ்சுதான். வயித்தெரிச்சல்."

சின்னவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. எக்ஸ்ரே பிரித்துவைத்த தன் கூடையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தொட்டியில் உட்காராமல், ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, கூடையைத் துணிமேல் கொட்டினாள். ஒவ்வொரு கூடாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, காதோரம் ஆட்டிக் கேட்டு, அதற்குப் பிறகுதான் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

மறுநாளும் அப்படியே செய்தாள். அடுத்த மாதமும். இப்போது அவள் மேஸ்திரி, ஆனாலும் தொட்டியை விடவில்லை; வியாபாரி திரும்பி வந்து நூலை வாங்கிக்கொண்டு போனார். எக்ஸ்ரே எந்தக் கூடைக்கும் எடுக்காத சிரத்தை எடுத்து அவள் கூடையைப் பிரிக்கிறாள். சிலதை இரண்டு தரம் பார்க்கிறாள். அதில் இதுவரை ஒரே ஓர் இரட்டைகூட இருந்ததில்லை. சின்னவள் தினமும் அதைத் தரையில் கொட்டி, எல்லார் கண்ணெதிரிலும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.